பென்ஷன் வாங்கும் லீவ் வேக்கன்சி

களியக்காவிளையில் எல்லை தெரிவதற்கு ஒரு போர்டும் ஒரு செக்போஸ்ட்டும் உண்டு. எல்லையின் இரு பக்கமும் ஒரே நாளில் பிறந்து, ஒரே வயதில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர் 60 வரை கரும்பலகை முன் நிற்பார். கேரளப் பக்கம், சில கிலோமீட்டர் தள்ளித் தனுவச்சபுரத்தில் இருப்பவர் 56-இல் வீட்டுக்குப் போய்விடுவார். நான்கு வருட வித்தியாசம். முன்பு மூன்று வருடமாக இருந்தது: அங்கே 58, இங்கே 55. கேரளத்தில் 2012 பட்ஜெட்டில் நிதியமைச்சர் கே.எம். மாணி ஒரு வருடம் கூட்டினார். தமிழ்நாடு 2020 மே மாதம் 59, 2021 பிப்ரவரியில் 60 என்று இரண்டு தாவலில் முன்னே போய்விட்டது.

அதனால் பாறசாலை, கொல்லயில், தனுவச்சபுரம் பக்கத்து ஊர்களில் ‘ரிட்டயர்ட் சார்’ என்று சொல்லப்படும் ஆளைப் பார்த்தால் வெளியூர்க்காரருக்குக் குழப்பம் வரும். ஸ்கூட்டர் ஓட்டுகிறார், ரப்பர் தோட்டத்துக்கு நடந்து போகிறார், தலையில் பாதிக்கு மேல் கறுப்பு. பெண்கள் என்றால் இன்னும் விசேஷம். கேரளப் பள்ளிகளில் ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். 56-இல் ஓய்வு பெற்ற டீச்சருக்கு மகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பாள். பாஸ்போர்ட் தயாராக இருக்கும். அவருக்கு வரும் இரண்டு அழைப்புகளில், மகளின் அழைப்பா பள்ளியின் அழைப்பா, எது முந்துகிறதோ அதைப் பொறுத்து ஜூன் மாதம் அமையும்.

பள்ளியின் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “டீச்சரே, ஒரு ரெண்டு மாசம் வந்து சமாளிச்சுத் தரணும். வேறெ ஆளு கிட்டல்ல.”

தனுவச்சபுரம் பெரிய ஊர் இல்லை. ஆனால் படிப்பு சம்பந்தப்பட்ட கட்டடங்கள் அளவுக்கு மீறி உள்ள ஊர். 1964-இல் தொடங்கிய வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரி, அரசு ஐ.டி.ஐ., மேல்நிலைப் பள்ளி, பயன்பாட்டு அறிவியல் கல்லூரி எல்லாம் நடந்து போகும் தூரத்தில். திருவனந்தபுரம்-நாகர்கோவில் பாதையில் அமரவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவில் ஒரு சிறு ரயில் நிலையம். பாசஞ்சர் வண்டி நின்றால் இறங்குபவர்களில் பலர் மாணவர்கள். இப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு வாத்தியார் இருப்பது வியப்பில்லை. வீட்டுக்கு வீடு ஒரு பென்ஷன் புத்தகம் இருப்பதும்.

ஆனால் அந்தப் புத்தகம் பழைய பொருள் இல்லை. இரண்டு தலைமுறைக்கு முன் இதே ஊரில் ஒரு ஆசிரியருக்கு வயதாகிவிட்டால் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் வேறு.

ஆசிரியர் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம் ஒன்று இந்த வட்டாரத்தில் இருந்தது. 1817-இல் ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டது திருவிதாங்கூரின் பெருமை. ஆனால் அந்த அரசுப் பணத்துக்குச் சாதி வரம்பு இருந்தது. பாறசாலையில் ஜான் ஆப்ஸ் போன்ற லண்டன் மிஷன்காரர்கள் நடத்திய பள்ளிகளில்தான் ஒடுக்கப்பட்டோர் முதலில் எழுத்துக் கற்றார்கள்; தென் திருவிதாங்கூரில் அந்த மிஷன் பணி பெரும்பாலும் தமிழில் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் வெங்ஙானூர் அய்யன்காளி பள்ளி வைத்தபோது, அங்கே வந்து புலையர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளைத் தேடித் திருவனந்தபுரம் கைதமுக்கிலிருந்து பரமேஸ்வரன் பிள்ளையைக் கூட்டிவந்தார்கள். அவர் வந்து போக வழித்துணை வேண்டியிருந்தது. ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற புலையச் சிறுமியைச் சேர்த்ததற்காகப் பள்ளிக்கூடமே எரிந்தது. லீவில் போன ஆசிரியருக்கு மாற்று தேடும் பேச்சுக்கே அன்று இடமில்லை. இருப்பவர் வராவிட்டால் பள்ளி இல்லை, அவ்வளவுதான்.

சம்பளமோ கேட்கவே வேண்டாம். மலையாளத்தில் காரூர் நீலகண்டப் பிள்ளை, தானே தொடக்கப் பள்ளி வாத்தியாராக இருந்தவர், ‘பொதிச்சோறு’ என்று ஒரு கதை எழுதினார். பசி தாங்காமல் மாணவனின் சோற்றுப்பொதியைத் திருடும் ஆசிரியரின் கதை. மலையாளம் படித்த எல்லைத் தமிழர்களுக்கும் அது பழக்கம். தனியார் பள்ளி வாத்தியாருக்கு மேனேஜர் கொடுப்பதுதான் சம்பளம். கையெழுத்து ஒரு தொகைக்கு, கைக்கு வருவது இன்னொரு தொகை. வேலை முடிந்தால் பென்ஷன் கிடையாது. முதுமை என்பது மகன் வீட்டுத் திண்ணை.

இதில் சென்னை மாநிலம் முந்திக்கொண்டது. காமராஜ் காலத்தில், 1955 ஏப்ரல் 1 முதல், உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றும் சேர்ந்த ‘முப்பயன் திட்டம்’ வந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 1-இல் மாநிலப் பிரிவினை. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் செங்கோட்டையும் அந்தப் பக்கம் போயின. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரைப் பகுதிகள் போகவில்லை. குமரி மாவட்ட வாத்தியார்கள் காமராஜின் திட்டத்துக்குள் சேர்ந்தபோது தனுவச்சபுரத்து வாத்தியார்கள் காத்திருந்தார்கள். கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரியின் கேரளக் கல்விச் சட்டம், 1957-இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, உச்ச நீதிமன்றம் வரை போய்வந்து, 1959 ஜூன் 1-இல் அமலாகியது. அடுத்த மாதக் கடைசியில், ஜூலை 31-இல், அவர் இருந்த அரசையே கலைத்தார்கள். ஆனால் உதவிபெறும் பள்ளி ஆசிரியர் சம்பளத்தை மேனேஜர் கையில் தராமல் அரசே நேரே கொடுக்கும் ஏற்பாட்டை யாராலும் திரும்பப் பெற முடியவில்லை. அரசு ஆசிரியருக்கு உள்ள பென்ஷன் தனியார் பள்ளி ஆசிரியருக்கும் கிடைத்தது இந்த வழியில்தான். கேரளப் பள்ளிகளில் பாதிக்கு மேல் இத்தகைய உதவிபெறும் பள்ளிகள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அதன் அளவு புரியும்.

பென்ஷன் என்பது கருணைத் தொகை அல்ல, உரிமை என்று உச்ச நீதிமன்றம் நகரா வழக்கில் 1982 டிசம்பர் 17-இல் சொன்னது. அந்தத் தேதியைப் பென்ஷன்காரர்கள் இன்றும் விழாவாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்துப் பென்ஷன் சார்கள் மறுபடி பள்ளிக்கு வேலைக்குப் போகவில்லை. 55-இல் இறங்கியவர் வாசகசாலைச் செயலாளர் ஆனார், கோயில் கமிட்டியிலோ சர்ச் கமிட்டியிலோ சேர்ந்தார், கூட்டுறவு வங்கித் தேர்தலில் நின்றார், மாலையில் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார். பள்ளிக்குப் போனால் ஆண்டு விழா மேடையில் பொன்னாடை வாங்குவதற்கு.

போகாததற்குக் காரணம் மானம் மட்டுமில்லை. அந்த இடத்தில் வேறொருவர் உட்காரக் காத்திருந்தார்.

அன்று ‘லீவ் வேக்கன்சி’ என்பது இளைஞர்களின் சொல். பி.எட். முடித்த பெண்ணோ பையனோ மேனேஜர் வீட்டு வாசலுக்கு நடப்பார்கள். யாரோ ஒரு டீச்சர் பிரசவ விடுப்பில் போகிறார், மூன்று மாதம் கிடைக்கும். அது சம்பளத்துக்காக அல்ல. கேரளக் கல்வி விதிகளில் 51ஏ என்று ஒரு விதி உண்டு: ஒரு பள்ளியில் இப்படி வேலை பார்த்து, இடம் போனதால் வெளியே வந்தவருக்கு அடுத்த காலியிடத்தில் முன்னுரிமை. ‘எனக்கு 51ஏ க்ளெய்ம் உண்டு’ என்பது கல்யாணப் பேச்சில்கூட எடுபட்ட தகுதி. அந்த முதல் மூன்று மாதத்துக்கு மேனேஜர் கேட்ட நன்கொடை தனிக் கதை. அதைப் பேசினால் இந்தக் கட்டுரை திசைமாறும்.

வளைகுடா வாழ்க்கை இந்த ஏணியை இன்னும் நீளமாக்கியது. கேரளத்தில் சம்பளமில்லா விடுப்பு இருபது ஆண்டுவரை எடுக்கலாம் என்ற ஏற்பாடு இருந்தது. கணவன் மஸ்கட்டிலோ ஷார்ஜாவிலோ இருக்க, டீச்சர் விடுப்புப் போட்டுவிட்டுப் போவார். வேலை அவர் பெயரில் இருக்கும், வகுப்பு இன்னொருவர் கையில். அந்த இன்னொருவர் அந்த லீவின் நிழலிலேயே பத்து வருடம் வேலை பார்த்து நிரந்தரமானதும் உண்டு. 2020 நவம்பரில் இந்த வரம்பை ஐந்து ஆண்டாக வெட்டினார்கள். நீண்ட விடுப்பு சுருங்கியது. மிஞ்சியவை குறுகிய இடைவெளிகள். ஆறு மாதப் பிரசவ விடுப்பு, ஒரு அறுவை சிகிச்சை, ஒரு தேர்தல் பணி, ஜூலையில் உண்டாகி அடுத்த மார்ச்சில் தீரும் ஒரு காலியிடம்.

இந்தச் சிறு இடைவெளிகளுக்குத்தான் இன்று ஆள் கிடைப்பதில்லை. ஆள் இல்லாமல் இல்லை, பி.எட். முடித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் பி.எஸ்.சி. தேர்வுக்குத் திருவனந்தபுரத்தில் கோச்சிங் போகிறவளை நாள்கூலிக்கு இரண்டு மாதம் கூப்பிட்டால் வருவாளா? 2012-க்குப் பிறகு கே-டெட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். பள்ளியின் ஆசிரியர் எண்ணிக்கையையே ஜூனில் ஆறாம் பணிநாள் வருகைப் பதிவு நிர்ணயிக்கிறது. பிள்ளைகள் குறைந்தால் டிவிஷன் போகும், டிவிஷனோடு வேலையும் போகும். பிறப்பு குறைந்துவரும் மாநிலத்தில் இந்த எண்ணிக்கை மேலே போக வழியில்லை. ஏணி இருந்த இடத்தில் இன்று ஏணி இல்லை. ஒரு முக்காலி மட்டும் இருக்கிறது; அதில் உட்காரலாம், ஏற முடியாது.

முக்காலியில் உட்கார யாருக்குக் கட்டுப்படியாகும்? வேறு வருமானம் உள்ளவருக்கு.

இதுதான் இந்த மாற்றத்தின் மையம் என்று எனக்குப் படுகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் சேவை மனப்பான்மை பற்றிப் பேசுகிறார்கள். அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் அடியில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. கேரளத்தில் பழைய பென்ஷன் என்பது கடைசிப் பத்து மாதச் சராசரிச் சம்பளத்தில் பாதி, முப்பது வருடம் முழுசாக வேலை பார்த்திருந்தால். பதினோராவது சம்பளத் திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சம் மாதம் 11,500, அதிகபட்சம் 83,400 ரூபாய். சராசரி 70,000 வாங்கியவருக்கு 35,000. அதில் 40 சதவீதத்தைக் கம்யூட் செய்து மொத்தமாக வாங்கியிருந்தால், பன்னிரண்டு ஆண்டு வரை மாதம் 21,000-மும் பஞ்சப்படியும். 2022 ஜூலை முதல் மெடிசெப் காப்பீடு, தொடக்கத்தில் மாதம் 500 ரூபாய் பிடித்தம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஓரளவு நிம்மதி. இந்த ஆளிடம் நாளுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டிய கூலியில் வாருங்கள் என்றால், அது மேல்வருமானம். மழை பெய்து பள்ளி லீவு விட்டாலும், தேர்வு முடிந்து மார்ச்சில் நிறுத்தினாலும் அவர் அடுப்பு அணையாது. அதே ஆயிரம் ரூபாய் இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு முழு வருமானம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் அவளுக்குப் பூஜ்யம்.

ஆக, பென்ஷன்காரர் பள்ளிக்கு உதவுகிறார் என்பதைவிட, அவருடைய பென்ஷன்தான் அந்த நாள்கூலியைத் தாங்கிப் பிடிக்கிறது என்பது சரி. அரசு ஒரு கையால் கொடுக்கும் பணம் இன்னொரு கையின் கஞ்சத்தனத்தை மறைத்துவிடுகிறது.

கூலி வேலை என்பதால் மாதப் பென்ஷன் நிற்பதில்லை. முறையான மறுநியமனம் என்றால் கணக்கு வேறு. மத்திய அரசின் 1986 உத்தரவில், ஓய்வுபெற்றவரை மீண்டும் எடுத்தால் புதிய சம்பளமும் பென்ஷனும் கூடி அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. ரயில்வே ஓய்வுபெற்றவர்களை எடுக்கும்போது இதே கழித்தல்தான். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வேலி போட்டிருக்கிறது: கலிபோர்னியாவில் ஓய்வுபெற்று 180 நாள் வரை பள்ளிப் பக்கம் வரக்கூடாது, இல்லினாய்ஸில் ஆண்டுக்கு இத்தனை நாள் என்று வரம்பு, நியூயார்க்கில் சம்பாதிக்கும் தொகைக்கு வரம்பு. ஆசிரியர் தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் இந்த வேலிகளைத் தளர்த்தினார்கள். நம் ஊரில் வேலியே இல்லாததால் யாரும் அதைப் பற்றி விவாதிக்கவும் இல்லை.

தமிழ்நாட்டில் பழைய நல்ல வழக்கம் ஒன்று உண்டு. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வயதை எட்டும் ஆசிரியருக்கு ஆண்டு முடியும்வரை மறுநியமனம். பிள்ளைகளுக்கு நடுவில் ஆசிரியர் மாறக்கூடாது என்பது நியாயம். கேரளத்திலும் அதே நியாயம் வேறு வடிவில்: ஜூலையில் 56 நிறைந்தாலும் ஆசிரியர் மார்ச் 31 வரை தொடர்வார். மே 31-இல் பிறந்ததாகப் பதிவானவர்களுக்கு அந்த நீட்டிப்பும் இல்லை, பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் ஓய்வு. கேரளத்தில் மே 31 அன்று ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் ஓய்வு பெறுவது அனைவருக்கும் தெரிந்த வேடிக்கை. ஜூன் ஒன்றுக்கு முன் வயது நிறைந்தால்தான் பள்ளியில் சேர்க்கலாம் என்பதால், அன்றைய தலைமை ஆசிரியர்கள் பிள்ளைகள் பலருக்கும் மே மாதத்தில் பிறந்தநாள் எழுதிவிட்டார்கள். ஒரு வாத்தியார் ஐம்பது வருடத்துக்கு முன் போட்ட தேதி, இன்னொரு வாத்தியாரை ஜூன் ஒன்றாம் தேதி வீட்டில் உட்கார வைக்கிறது. அந்த வாரமே பள்ளியிலிருந்து போன் வருவதில் ஆச்சரியம் என்ன?

கல்லூரியில் இந்தத் தற்காலிக வேலையின் பெயர் ‘கெஸ்ட்’. நேர்காணலுக்கு வர வேண்டுமானால் கொல்லத்தில் உள்ள கல்லூரிக் கல்வித் துணை இயக்குநர் அலுவலகத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும்; திருவனந்தபுரம் பக்கத்துக் கல்லூரிகளின் பத்திரிகைக் குறிப்புகளில் இந்த வரி தவறாமல் வரும். யு.ஜி.சி. 2019-இல் கெஸ்ட் ஆசிரியருக்கு வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை என்று வரம்பு வகுத்து, ஓய்வுபெற்றவர்களையும் அழைக்கலாம் என்றது. நெட் எழுதி, பி.எச்டி. முடித்து நிற்கும் இளைஞரும் அவருக்குப் பாடம் சொன்ன பேராசிரியரும் ஒரே காத்திருப்பு அறையில் சந்திக்கும் தர்மசங்கடத்துக்கு இதில் வழி இருக்கிறது.

இளைஞர்களின் கோபம் கற்பனை இல்லை. 2022 அக்டோபர் இறுதியில் கேரள அரசு பொதுத்துறை நிறுவனங்களில் ஓய்வு வயதை 60 ஆக்கி உத்தரவிட்டது. அன்றைய ஆளும் கூட்டணியின் இளைஞர் அமைப்புகள் உட்பட எல்லாரும் எழுந்தார்கள். சில நாளில் உத்தரவை நிறுத்திவைத்தார்கள். ஓய்வு வயதைத் தொட்டால் தெரு கொதிக்கிற மாநிலம் இது. ஆனால் 56-இல் இறக்கிவிட்டவரை 57-இல் நாள்கூலிக்குக் கூப்பிட்டால் யாரும் கொடி பிடிப்பதில்லை. சில வருடக் கூடுதல் வேலைக்கு எதிர்ப்பு. பத்து வருடக் கூலி வேலைக்கு மௌனம்.

வகுப்பில் எப்படி இருக்கிறது? கலவை. கணக்கிலும் ஆங்கிலத்திலும் பழைய கைகளுக்கு ஈடு இல்லை என்று பெற்றோர் சொல்வார்கள். முப்பது வருடம் ஒரே பாடத்தை நடத்தியவர் பையன் எங்கே தடுக்குவான் என்பதை அவன் தடுக்குவதற்கு முன்பே அறிவார். ஆனால் 2024 ஜூனில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது வகுப்புகளுக்குப் புதுப் பாடநூல். மறு ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும். 2018-இல் தொடங்கி 45,000 வகுப்பறைகளில் புரொஜெக்டர் வந்துவிட்டது. லெசன் பிளான் சமக்ரா இணையதளத்தில், பிள்ளைகள் கணக்கு சம்பூர்ணா இணையதளத்தில். இவை வருவதற்கு முன் ஓய்வு பெற்ற சாருக்கு இது வேறு நாடு. பாஸ்வேர்டு இன்னொரு டீச்சரிடம் இருக்கும். அவர் பாடம் மட்டும் நடத்துவார். பொறுப்பில்லாமல் பாடம் மட்டும் நடத்துவது பெரும் சுகம் என்று ரகசியமாகச் சொல்பவர்களும் உண்டு. வேலையில் இருந்த காலத்தில் மதிய உணவின் முட்டை, அரிசிக் கணக்கு எழுதியே கை சலித்தவர்கள் அல்லவா?

தமிழ் வகுப்பு உள்ள பள்ளிகளில் சிக்கல் இன்னொரு மடங்கு. திருவனந்தபுரம் சாலைத் தமிழ்ப் பள்ளி முதல் எல்லைப் பகுதிகள் வரை, தமிழ்வழி ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றால் மாற்று ஆள் எங்கே? களியக்காவிளைக்கு அப்பால் தமிழ் படித்தவர்கள் ஏராளம். ஆனால் அவர்களின் பட்டத்துக்குக் கேரளத்தில் இணைத்தகுதிச் சான்றிதழ் வேண்டும், கே-டெட் வேண்டும். இரண்டு மாத நாள்கூலிக்கு யார் அந்த அலைச்சல் படுவார்கள்? ஆக, ஓய்வு பெற்ற தமிழ் சாரே வந்து நிற்கிறார். சிறுபான்மை மொழி இப்படி அறுபது தாண்டியவர்களின் தொண்டையில் தொங்கிக்கொண்டிருப்பது நல்லதில்லை. அவர் வராவிட்டால் அந்த வகுப்பு மலையாள வகுப்போடு சேரும்.

எல்லையின் மறுபக்கம் கதை தலைகீழ். அங்கே ஓய்வு 60-க்குத் தள்ளிப்போனதால் புது நியமனம் தேங்கியது. 2022 ஜூனில் தமிழ்நாடு 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்பச் சொன்னது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000. வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் அந்தச் சம்பளத்துக்குச் சேர்ந்த இளைஞர்களைவிட, தனுவச்சபுரத்தில் நாள்கூலிக்குப் போகும் பென்ஷன் டீச்சர் அதிகம் வாங்குவார்; கூட அவருக்குப் பென்ஷனும் உண்டு.

இந்த ஏற்பாட்டுக்கு முடிவுத் தேதி ஏற்கெனவே எழுதியாயிற்று. 2013 ஜனவரியில் கேரளத்தில் ஆசிரியர்களும் ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள், பங்களிப்புப் பென்ஷன் வேண்டாம் என்று. வேலைநிறுத்தம் நின்றது; அந்த ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்புப் பென்ஷன்தான் அமலாகியது. அவர்களுக்கு ஓய்வு வயது 60, ஆனால் அந்தத் திட்டத்தில் கையில் வருவது சந்தை தரும் தொகை. தமிழ்நாட்டில் இது பத்து வருடம் முன்பே, 2003 ஏப்ரல் 1-இல். பி.எஸ்.சி.யின் பொதுப் பிரிவு உச்ச வயதான 40-இல், 2013-இல் சேர்ந்த ஆசிரியர் 2033-இல் ஓய்வு பெறுவார். 2012-இல் இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவர் பழைய பென்ஷனோடு 2046-இல் போவார். இடைப்பட்ட அந்தப் பதின்மூன்று ஆண்டும் இரண்டு வகை ஓய்வாளர்களும் ஒரே ஊரில் இருப்பார்கள். ஜூன் முதல் வாரம் தலைமை ஆசிரியர் போன் போட்டு, ‘ஒரு ரெண்டு மாசம் சமாளிச்சுத் தரணும்’ என்றால், முதல் வகையினர் எந்த வகுப்பு என்று கேட்பார்கள். இரண்டாம் வகையினர் நாள்கூலி எவ்வளவு என்று கேட்பார்கள். ஆயிரம் என்றால் வைத்துவிடுவார்கள்.